நல்ல பசி

அக்டோபர் 17, வியாழன்

இந்த நோட்டு என்னுடையது இல்லை, என் மகள் ஹம்சினியுடையது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள் இருக்கும்: தேதி, எடை, சாப்பாடு, தோல், குறிப்பு. பாம்பைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்பது உத்தரவு. நான் பக்கத்தைக் கிழித்து ஏமாற்றிவிடக் கூடாது என்று எண் வேறு போட்டு வைத்திருக்கிறாள். அதனால் இன்றைய சங்கதியைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவள் பின்பக்கம் பார்ப்பதில்லை.

இன்று சாயங்காலம் பணியாரம் என்னைக் கடித்துவிட்டது.

பணியாரம் என்பது பாம்பின் பெயர். அமெரிக்க மணல்காட்டு ஜாதி. ஒரு முழம் நீளம், பழுப்புத் திட்டுகள், மூக்கு மட்டும் பன்றிக்குட்டி மாதிரி மேலே தூக்கியிருக்கும். என் பெயரில் பதிவு செய்து, சீட்டெல்லாம் வாங்கி முறையாக வளர்க்கிறோம். விற்ற பெங்களூர்க்காரர் அப்போதே சொன்னார்: "பின்பல்லுல லேசா விஷம் இருக்கும் சார். மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது, வீங்கும், வடிஞ்சிரும்." இதை மட்டும் நான் சசிரேகாவிடம் சொல்லவில்லை.

சசிரேகா என் மனைவி. இரண்டு வருடமாக அவளும் ஹம்சினியும் அண்ணா நகரில் இருக்கிறார்கள், நான் பெரம்பூரில். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஹம்சினி பாம்பைப் பார்க்க வருவாள். என்னைப் பார்க்கவும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஆடி மாதத்திலிருந்து பணியாரம் சாப்பிடவில்லை. நூற்று இருபத்தாறு கிராம் இருந்தது நூற்று ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. எலிக்குட்டி ஃப்ரீசரில் டிபன் டப்பாவில் இருக்கும், டப்பா மேல் "அப்பா, இது உனக்கு இல்லை" என்று ஹம்சினி ஒட்டிய சீட்டு. வெந்நீரில் போட்டு எடுத்துக் காட்டினால் பாம்பு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "எலி மேல மீன் வாசனை தடவிப் பாருங்க" என்றார் பெங்களூர்க்காரர் போனில். மத்தி வாங்கி வந்து கழுவினேன். எலியை அந்தத் தண்ணீரில் புரட்டி வைத்தேன். கொடுப்பதற்கு முன் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தலாமே என்று பெட்டிக்குள் இடது கையை விட்டேன். சோப்புப் போடாத கை.

சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில் லபக்கென்று பிடித்து மெல்ல ஆரம்பித்தது.

உடனே எடுத்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாகச் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை வாயைத் திறந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டால் யாராவது தட்டிப் பறிப்பார்களா? சாப்பிடுகிறது, சாப்பிடுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அது என் கை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அப்போதும், இழுத்தால் அதன் பல் உடைந்துவிடுமே என்று பேசாமல் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம். பிறகு நான் எலி இல்லை என்று அதற்கே தெரிந்து விட்டுவிட்டது. எலியைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்த வீட்டில் ஒருவர் என் கையை ஆறு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்து ரொம்ப நாளாகிறது. இந்த வரியை எழுதியிருக்க வேண்டாம். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

சசிரேகாவுக்குத் தெரிந்தால் பாம்பு போய்விடும். பாம்பு போனால் சனிக்கிழமை போய்விடும். அடுத்த வருகை 26ஆம் தேதி. ஒன்பது நாளில் கை பழையபடி ஆக வேண்டும்.

முன்பக்கத்தில் எழுதியது: எடை 109. சாப்பாடு இல்லை. குறிப்பு: வழக்கம்போல.

அக்டோபர் 18, வெள்ளி

கை பன் மாதிரி உப்பிவிட்டது. விரல் மடங்கவில்லை. மணிக்கட்டு இருந்த இடம் தெரியவில்லை. நெறி கட்டி, அக்குளில் ஒரு நெல்லிக்காய் உருள்கிறது.

தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சுகந்திக்கு என்னைத் தெரியும், அவர் கிளினிக்குக்குப் பெயின்ட் கலந்து கொடுத்ததே நான்தான். குளவி கொட்டிவிட்டது என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"குளவிக்கு எப்ப சார் இத்தன பல்லு மொளைச்சுது?"

உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டார். டி.டி. ஊசி போட்டார். அரை மணி நேரம் உட்கார வைத்து மூச்சையும் நாடியையும் பார்த்தார். "உயிருக்கு ஒண்ணுமில்ல. கைய மேல தூக்கியே வெச்சிருங்க. மூச்சு இழுத்துச்சு, முகம் வீங்குச்சுன்னா எந்த நேரமானாலும் ஓடணும். மாத்திரை தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க." கிளம்பும்போது, "வீட்ல யாராவது இருக்காங்களா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 19, சனி

கடைக்குப் போகவில்லை. தீபாவளிக்கு முன் ஊரே வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நேரம், முதலாளி போனில் பல்லைக் கடித்தது கேட்டது.

சாப்பாடு, மாத்திரை, தூக்கம். எழுந்தால் மழை. மறுபடி தூக்கம்.

அக்டோபர் 20, ஞாயிறு

மத்தியானம் ஒரு கனவு. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஹம்சினியின் பள்ளிக்கூட ஷூ இரண்டும் ஹாலில் மிதந்து போகின்றன, பணியாரம் அவற்றின் பின்னாலேயே நீந்துகிறது. என் இடது கை வளர்ந்து வளர்ந்து ஒரு அறையாகிவிட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கிறது. உள்ளே சசிரேகா நின்றுகொண்டு, "இந்தச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், தண்ணீர்தான் வருகிறது. அவள் காத்திருக்கிறாள். கோபமே இல்லை அவளுக்கு. அவ்வளவு பொறுமையாக அவள் நின்றது எனக்கு எழுந்த பிறகும் நெஞ்சில் கனத்தது.

எழுந்து பார்த்தால் கையை மேலே வைக்க வேண்டும் என்று மூன்று தலையணை அடுக்கியிருக்கிறேன். மூன்று தலையணையும் எனக்குத்தான். மழை விட்டு ஜன்னலில் மஞ்சள் வெயில். மணி நாலா, காலை ஆறா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்காமல் இருந்தது நன்றாகத்தான் இருந்தது.

எடை 108.

அக்டோபர் 21, திங்கள்

கடைக்குப் போனேன், ஆட்டோவில். பெயின்ட் கடையில் எனக்குக் கலர் கலக்கும் வேலை. ஷேடு கார்டைக் காட்டினால் மிஷின் பாதி கலக்கும், மீதியைக் கண்ணால் நான் சரிபண்ணுவேன். ஒரு கை போதும்.

இன்று கை முழுக்க நிறம் மாறியிருக்கிறது. வேலைப் பழக்கம், கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் பீட்ரூட். நடுவில் மழைமேகம். ஓரத்தில் ஒரு இளம் கத்திரிப்பூ நிறம், அதைத் தேடி மூன்று கார்டு புரட்டினேன். கடைசியில் பார்த்தால் அது கார்டிலேயே இல்லாத நிறம். இரண்டரை வருடத்துக்கு முன் ஹம்சினியின் அறைக்கு நானே கலந்தது. "வயலெட் வேணும், ஆனா வயலெட்டா இருக்கக் கூடாது" என்றாள், பதினோரு முறை கலந்தேன். அந்த அறையில் அவள் நாலு மாதம்தான் படுத்தாள். மிச்ச டப்பா பால்கனியில் இருக்கிறது. மூடி இறுகிவிட்டிருக்கும்.

ஒரு அம்மா வந்து, "பூஜை ரூமுக்கு நல்ல கலரா சொல்லுங்க தம்பி" என்றார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேனாம். முதலாளி வந்து தோளைத் தட்டினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

தண்ணீர் மாற்றப் பெட்டியைத் திறந்ததும் பணியாரம் செத்துப்போனது.

இது அதன் ஜாதி வித்தை. பயந்தால் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும். முதல் தடவை நான் நிஜமென்று நம்பி, ஹம்சினியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். கவிழ்த்து வைத்தால் மறுபடி மல்லாந்துகொள்ளும். செத்த பாம்பு கவிழ்ந்து கிடக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

சசிரேகா இதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள், ஹம்சினியை விட வந்தபோது, வாசலில் நின்றபடி. சிரிக்கவில்லை. "அப்படியே உங்கள மாதிரி. ஒரு கேள்வி கேட்டா செத்துப்போயிடறது" என்றாள்.

அநியாயமாகப் பேசுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அது உயிர்பிழைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம் ஆனது. முதலில் நாக்கு உள்ளே போனது. அப்புறம் தலை மட்டும் மெதுவாகத் திரும்பி, ஆபத்து போய்விட்டதா என்று பார்த்தது. ஆபத்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கண்ணில் தண்ணீரோடு. மாத்திரையாக இருக்கும்.

அக்டோபர் 23, புதன்

வீக்கம் பாதி வடிந்துவிட்டது. விரல் மடங்குகிறது. சனிக்கிழமைக்குள் தேறிவிடுவேன், முழுக்கைச் சட்டை போட்டால் போதும்.

எடை எப்போதிலிருந்து இறங்குகிறது என்று பார்க்க முன்பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். அவள் வரும் நாட்களில் அவளே எழுதுவாள், குண்டு குண்டாக, நேராக. மார்ச் 16 மட்டும் கையெழுத்து இடதுபக்கம் சாய்ந்து, கோட்டைத் தாண்டி, வேறொரு சின்னப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தால் அவள் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பசங்களோடு வாலிபால் ஆடி விரல் பிசகிவிட்டது என்றாள். ஐஸ் வைத்தேன். கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அன்று ராத்திரி சசிரேகா போன் செய்து, "பாத்துக்கோங்க. அவ்ளோதான் சொல்வேன்" என்று வைத்துவிட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுத் தூங்கினதற்குத் திட்டு. நியாயம்தான்.

அன்றைய கட்டம் இப்படி இருக்கிறது. எடை 118. சாப்பாடு: இல்லை. தோல்: சரி. குறிப்பு: நல்ல பசி.

சாப்பாடு இல்லை என்றால் நல்ல பசி என்று எப்படித் தெரிந்தது?

வாலிபால்தான். தூக்கக் கலக்கத்தில் ஏதேதோ தோன்றுகிறது.

அக்டோபர் 24, வியாழன்

வாலிபால் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

இரண்டு நாளாக மாத்திரை போடவில்லை, ஆனாலும் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரியே இருக்கிறது. கடையில் வெள்ளையில் ஒரு சொட்டு கறுப்பு விட்டுக் கலக்கினேன். கறுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வெள்ளை மட்டும் கொஞ்சம் சோர்ந்துபோனது.

பதினாலு வயதுப் பிள்ளை. கை வீங்கி, விரல் மடங்காமல், யாரிடமும் சொல்லாமல், இடது கையால் கட்டம் நிரப்பியிருக்கிறது. நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டிருக்கிறேன்.

எனக்கு வலித்ததை எனக்குத் தெரியும். அதே வலி அவளுக்கும் என்று நினைத்தால் நெஞ்சு தாங்கவில்லை.

பெங்களூர்க்காரருக்குப் போன் செய்தேன். பாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். "என்ன சார், பிடிக்கலையா?" என்றார். பிடிக்கும் என்றேன்.

நாளை அவள் வந்து ஒரு முறை பார்க்கட்டும். சாயங்காலம் சொல்லிவிடலாம். அதற்கு அடுத்த சனிக்கிழமையை இப்போது நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 26, சனி

முழுக்கைச் சட்டை போட்டு, பித்தானையும் மாட்டி, இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். ஹம்சினி பையைக் கூட இறக்கவில்லை.

"கைய எடுப்பா."

"குளவி கொட்டிருச்சும்மா."

அவளே பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தாள். பித்தானைக் கழற்றி, முழங்கைவரை மடித்துவிட்டாள். வீக்கம் போய்விட்டது, ஆனால் பழுத்த மாம்பழமும் பச்சையுமாக மணிக்கட்டுவரை நிறம் நிற்கிறது. உள்ளங்கை ஓரத்தில் அரைவட்டமாகப் புள்ளிகள். அதையே பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"எத்தன நிமிஷம்?"

"ஆறு."

"ஆறா! லூசாப்பா நீ? என்னைய மூணுதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் பணியாரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அதக் குடுத்துருவ."

"குடுத்தா என்ன? உன் கைய விடவா?"

"அப்புறம் நான் என்னன்னு சொல்லிட்டு இங்க வர்றது?"

செத்துப்போக நல்ல நேரம். மல்லாந்து நாக்கைத் தொங்கவிட்டால் போதும், எல்லாம் கடந்து போய்விடும், எனக்கு நன்றாகப் பழக்கமான வழி. இந்த ஒரு தடவை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நானும் அதுக்குத்தான்டா மறைச்சேன். பாம்பு போச்சுன்னா நீ வரமாட்டேன்னு. நீ வரலன்னா எனக்கு இந்த வீட்ல ஒண்ணுமே இல்லம்மா."

அவள் அழுதாள். நானும்தான். அழுதுகொண்டே நாளைக்கு ஆள் வருவதையும் சொன்னேன். சட்டென்று அழுகையை நிறுத்தி, "யாரக் கேட்டு?" என்றாள். அப்படியே அவள் அம்மா குரல். பிறகு போனை எடுத்து நடுவில் மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "நம்ம ரெண்டு பேரும் சேந்து அம்மாகிட்ட சொல்லிருவோம்பா. போனாப் போகட்டும்."

போன் மணி நாலு முறை அடித்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். பணியாரம் அப்பாவக் கடிச்சிருச்சு."

"எப்ப?"

"போன வாரம். அப்புறம்... மார்ச்ல என்னையும் கடிச்சுச்சும்மா. அது வாலிபால் இல்ல."

"தெரியும்."

ஹம்சினி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"எந்த வாலிபாலுக்குடி பல்லு இருக்கு?" என்றாள் சசிரேகா. "அன்னிக்கு நீ தூங்கினப்புறம் உக்காந்து அந்தப் பாம்பப் பத்தி இருக்கிறதெல்லாம் படிச்சேன். மறுநாள் டாக்டர்கிட்ட நான் எதுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு நெனச்ச, விரல் பிசகினதுக்கா? அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வந்ததும் உன் கையத்தான் மொதல்ல பாக்கறேன். உங்கப்பாவுக்கும் போன் போட்டு பாத்துக்கோங்கன்னு சொன்னேன்."

"நான் தூங்கினதுக்குத் திட்டறேன்னு நெனச்சேன்" என்றேன். அவளிடம் நேராகப் பேசி ஏழெட்டு மாதம் இருக்கும். "தெரிஞ்சும் ஏன் அனுப்பின?"

அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம். அடுப்பை அணைத்த சத்தம்.

"மத்த நாள் இவள எழுப்பறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். உங்க வீட்டு சனிக்கிழமைன்னா அஞ்சரைக்குத் தானா எந்திரிச்சு, குளிச்சு, ஷூவ மாட்டிட்டு சோபால உக்காந்திருப்பா. எட்டரை மணி பஸ்ஸுக்கு. பாம்பப் பாக்க யாருங்க அஞ்சரைக்கு எந்திரிப்பா?"

ஹம்சினி முகத்தை மூடிக்கொண்டாள். காது மட்டும் சிவந்து தெரிந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?" என்றாள் சசிரேகா.

"போனேன்."

"நீங்களாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு."

"ம்." கரண்டியைக் கீழே வைத்த சத்தம். "இந்த ஒரு வார்த்தைய அப்பவே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு வேறு குரலில், "இனிமே இடுக்கி இல்லாம ரெண்டு பேரும் அந்தப் பெட்டிக்குள்ள கை வெச்சீங்க, நானே வந்து கடிப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து ஆள் வேண்டாம் என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார். இந்த விஷயத்தில் ஊருக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

மழை பிடித்துக்கொண்டது. ஹம்சினி அவள் அறையில் போய்ப் படுத்தாள், நான் அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்தேன். மழை வெளிச்சத்தில் சுவர் அந்தக் கத்திரிப்பூ நிறத்தில் நனைந்தது மாதிரி இருந்தது. நோட்டை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். பின்பக்கம் மேலே இருந்தது. படித்திருப்பாள். அவள் எழுந்து கிளம்பும்வரை எடுக்கவில்லை நான்.

அக்டோபர் 27, ஞாயிறு (முன்பக்கம், 88ஆம் பக்கம்)

எடை: 107.

சாப்பாடு: உண்டு! எலிக்குட்டி ஒன்று, மத்தி தடவியது, சப்பாத்தி இடுக்கியால் கொடுத்தது. நாலு நிமிடம்.

தோல்: பாம்புக்குச் சரி. எனக்கு மஞ்சள், உரிகிறது.

குறிப்பு: சசிரேகா காலையில் போன் செய்தாள். பாம்பு சாப்பிட்டதா என்று கேட்டாள், சாப்பிட்டது என்றேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, நல்ல பசி என்றேன். இனி எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே எழுதுகிறேன்.